வெள்ளைப்பூடு மணக்கும் சுவெட்டர்

நான் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே என் வாசம் ஏறிவிடுகிறது. வெள்ளைப்பூட்டு வாசம், எண்ணெயில் வதங்கி, அடியில் லேசாகப் பிடித்துப்போன பூடு. கீழ்வீட்டுக் கதவு திறக்கிறது. “ஹெர் டாக்டர், இன்றைக்கும் க்னோப்லௌக் சமைத்தீர்களா?” என்கிறார் வீட்டுக்காரம்மா. இந்த ஜெர்மன்காரர்கள் பூட்டுக்கு வைத்திருக்கும் பெயர் அது. நான் சமைக்கவே இல்லை. ஆய்வுகூடத்துக் கன்டீனில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு வருகிறேன். குடிவந்த புதிதில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்: “இது என் பாக்டீரியாக்கள் விடுகிற மூச்சு.” அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டின் கைப்பிடியை மருந்து போட்டுத் துடைத்தார். அதற்குப் பிறகு சமைத்ததாகவே ஒப்புக்கொள்கிறேன். “ஆமாம், மன்னியுங்கள்.” அவருக்கு நிம்மதி. “உங்கள் நாட்டில் அது இல்லாமல் முடியாதுதானே,” என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வந்த இடத்தில் கால் ஊன்றாமல் நிற்கிறவர்களுக்கும் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். செலீனியம் என்று ஒரு பொருள், கந்தகத்தின் உடன்பிறப்பு. துளியளவு உடம்புக்கு வேண்டும், கூடினால் விஷம். அதைக் கலந்து பாக்டீரியாவை வளர்த்தால் குடுவை செங்கல் நிறமாகும், பூட்டு நெடி எழும், கம்பளியைப் பிடித்தால் எளிதில் விடாது. இந்தச் செலீனியம் சில புரதங்களுக்குள் போய் உட்காருகிறது. எந்த வழியாக என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஆர்.என்.ஏ என்பது செல் வாசிக்கிற கட்டளைச் சரம். வெறுங்கை பட்டாலே சிதைந்துபோகும் அளவுக்கு மென்மையானது. அதில் குறிப்பிட்ட மூன்று எழுத்துகள் சேர்ந்து வந்தால் ‘நிறுத்து’ என்று பொருள். சில இடங்களில் மட்டும் அதே மூன்று எழுத்துகளில் வாசிப்பு நிற்பதில்லை. செலீனியம் ஏந்திய துண்டொன்று வந்து ஒட்டிக்கொள்ள, புரதம் மேலே வளர்கிறது. ஏன் அங்கே மட்டும் நிற்கவில்லை? இந்த நடுவயதில் என் பகல்களெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் போகின்றன. இதில் தத்துவம் தேடாதீர்கள். நான் தேடியாகிவிட்டது, வேலை கெட்டதுதான் மிச்சம்.

ஆனால் மூக்கு ஆய்வுகூடத்தில் இருப்புக்கொள்வதில்லை. அது இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிக்குப் போய்விடுகிறது. நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அதில் அறைக்கு அறை இருந்த சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டுக்கும் சொந்தம். பூடு கடையில் காசு கொடுத்து வாங்குகிற பண்டம், அன்றாடக் குழம்பில் ஒரு பல் விழுந்தால் பெரிது. அது மணக்க மணக்க வதங்குகிறது என்றால் எங்கோ பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்க்குப் பால் சுரக்க, நல்லெண்ணெயில் பூடு வதக்கிப் பத்தியச் சோறு போடுவார்கள். சொல்லியனுப்ப ஆள் வேண்டாம். கொழுந்துக் கூடையோடு இறங்கி வரும் பெண்கள் மூக்கை நிமிர்த்துவார்கள், எந்த வீடு என்று கண்டுகொள்வார்கள், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே அங்கே நுழைவார்கள்.

எண்பத்திரண்டில் நான் ஊருக்குப் போனது அம்மாவை அனுப்பிவைக்க. அப்பா இருந்த காலத்தில் குடும்பத்துக்கெல்லாம் இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். பேராதனையில் படித்துக்கொண்டிருந்த நான் தனியாக இலங்கைக்குப் போட்டேன். இரண்டு அரசாங்கங்களும் பேசி வைத்திருந்தபடி இரண்டும் கிடைத்தன. ஒரே அடுப்பில் உண்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்களானோம். நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அண்ணன் குடும்பம் கிளம்பும் நாள் குறித்தாகிவிட்டது. அம்மா மட்டும் மாட்டேன் என்றாள். கல்யாணமும் இல்லாமல் எங்கோ பனியில் கிடக்கிறவன் திரும்பி வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்பது அவள் கட்சி. அந்தக் கதவோ தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்துப் பதிவில் அண்ணனின் பேரை வெட்டியதும் அறை வேறொருவருக்குப் போய்விடும். நீ வந்தால்தான் கிளம்புவாள் என்று அண்ணன் தந்தியடித்தான்.

குடுவைகளோடு மாலைவரை நின்றுவிட்டு, போட்டிருந்த சுவெட்டரோடு விமானம் ஏறினேன். ஸ்பிரிங்வெளியில் மழை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள், விலகினாள், சுவெட்டரின் கழுத்தைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

“என்னா தம்பி இது, பூடு வாசம்?”

“வேலை செய்யிற எடத்துல புடிச்சதும்மா. செலீனியம்னு ஒண்ணு. மண்ணுல இருக்கும்.”

“மண்ணு பூடு வாசம் அடிக்குமாக்கும்.” அடுப்படியில் இருந்த அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டியா புள்ள? ஒனக்கு நாலு தடவ பத்தியம் ஆக்கிப் போட்டவகிட்ட மண்ணுங்கிறான்.”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “வெள்ளக்காரிக்கும் பூடு வதக்கித்தான் குடுக்கணுமா, கொழுந்தனாரே?”

“சொல்லாமக் கட்டிக்கிட்டா என்னா இப்ப,” என்றாள் அம்மா. “நானா சண்டைக்கு வரப்போறேன்?” அன்று மாலையே தன் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாள். என்னவோ முணுமுணுத்தாள், பாட்டுப் போலக் கேட்டது. நான் மறுபடி விளக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போனான்.

“ஒன் படிப்பையெல்லாம் அங்கிட்டு வச்சுக்கடா. ஒனக்கு ஆளு இருக்குன்னு நெனச்சுத்தான் அது கெளம்புது. கோச்சி நகர்ற வரைக்கும் வாயத் தொறந்தே, ஒன்னயக் கட்டிப் போட்டுருவேன்.”

சிரிக்காமல்தான் சொன்னான். உண்மையைச் சொன்னால் யாருமில்லாத லயத்தில் அம்மா. சொல்லாவிட்டால் இல்லாத பேரப்பிள்ளையோடு நீலகிரியில் அம்மா. பீலித் தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

புறப்படுகிற காலையில் சுவெட்டரைக் காணவில்லை. அம்மா சேலைக்கு மேல் போட்டிருந்தாள், அதன் கைகள் இரண்டும் அவள் விரல்களைத் தாண்டித் தொங்கின. “அங்கயும் குளுருமாம்,” என்றாள், நான் கேட்காமலே. துவைத்துத் தருகிறேன் என்ற மதினியை அதட்டினாள். நீலகிரியில் ஒரே ஒரு மழைக்காலம்தான் இருந்தாள். கடைசிவரை அதைக் கழற்ற விடவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னான். கீழ்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம், “ஆமாம், மன்னியுங்கள்” என்று நான் சொல்லும்போதெல்லாம், பதுளை ஸ்டேஷனில் அந்தச் சுவெட்டர் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பேச்சில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். மன்னாருக்கும், அங்கிருந்து இந்தியா போகும் கப்பலுக்கும் ஆட்களைக் கொண்டுபோன இதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று தனிப்பெயர். மேடையெங்கும் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. சன்னல் வழியே என்னை அருகில் வரச் சொன்னாள்.

“ஆம்பளையா, பொம்பளையா?”

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொம்பளப் புள்ளம்மா.”

“தல நிக்கிற வரைக்கும் ஒரு கையத் தலைக்குக் குடுத்துத் தூக்கச் சொல்லு. பேரு வச்சாச்சா?”

“இல்லம்மா. நீ வைக்கட்டும்னு இருக்கோம்.”

கோச்சி அசைந்தது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி நானும் நடந்தேன். அம்மா நெற்றியைச் சுருக்கினாள், சுவெட்டர்க் கையை மூக்கருகே கொண்டுபோனாள், என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“அவசரப்படுத்தாத தம்பி. போயிச் சேந்து, யோசிச்சுச் சொல்றேன்.”