பெரியப்பாவின் பகல் உறக்கம்

எனக்கு வாய்த்த முதல் உத்தியோகம், பெரியப்பாவை உறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. போனக்காடு தேயிலை ஃபாக்டரியில் ஆயுசெல்லாம் வேலை பார்த்த பெரியப்பா, வாதத்தில் கால் விழுந்துபோய், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அப்பா வைத்தியரை வரவழைத்துப் பிழிச்சிலுக்கு ஏற்பாடு செய்தார். காலையில் இரண்டு பேர் சூடான மருந்தெண்ணெயில் துணியை நனைத்து அவர் உடம்பில் பிழிந்துகொண்டே இருப்பார்கள். வீடு முழுக்க அந்த வாடை, என் பாவாடையில்கூட.

பிழிச்சிலைவிடப் பத்தியம்தான் பெரும்பாடு. புளி கூடாது, காற்று கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "பகல் உறங்கான் பாடில்லா, கேட்டோ" என்று வைத்தியர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். பகலில் உறங்கவே கூடாதாம்; கண் அசந்தால் அத்தனை மருந்தும் வீணாம். அம்மாவுக்கு அடுக்களை, அப்பாவுக்குத் துணிக்கடை. காவலுக்கு மிஞ்சியவள் நான்தான்.

பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. கால் சரியானதும் போனக்காட்டுக்கு ஒரு தடவை போக வேண்டும். பெரியம்மாவை அங்கே ஒரு பலாமரத்துச் சரிவில்தான் தகனம் செய்திருந்தார்கள். சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதியதும் அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது அவர் வழக்கம். பிள்ளைகள் கிடையாது. விதுரா வரை பஸ், அப்புறம் எஸ்டேட் லாரி, அப்புறம் அட்டை கடிக்கும் மலை ஏற்றம். அவர் தலை சாயும்போதெல்லாம் நான் தோளை உலுக்கி, "அட்டை கடிச்சா என்ன செய்யணும் பெரியப்பா?" என்று கேட்பேன். அட்டைக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார், பாவம்.

பத்தாம் நாளோ என்னவோ, வைத்தியர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவோடும் பெரியப்பாவோடும் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, இன்னைக்கு என்னை உறங்க விடு. ஆருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?"

"வைத்தியர் ஏசுவாரு. பொறவு போனக்காடு போவாண்டாமா?"

"கண்ண மூடினா போயிருவேன் பிள்ளே. பஸ்ஸும் வேண்டாம், லாரியும் வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அரை மணி நேரம்தானே என்று கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கேட்டதற்கு, முழித்துத்தான் இருக்கிறார் என்று கூசாமல் புளுகினேன். கடிகாரத்தில் அரை மணி ஆனதும் ஓடிப்போய் உலுக்கினேன். யாரோ என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ளயா மக்களே?" என்றார். மறுநாளும் உறங்கக் கேட்டார். அதற்கு மறுநாளும். தினமும் அரை மணி மட்டும் விட்டு உலுக்கி எழுப்பினேன்.

பிழிச்சில் முடிந்தது. கால் வரவில்லை. மழைக்காலத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பத்தியத்தை முறித்த பாவி நான்தான் என்று வருஷக்கணக்காக மனதுக்குள் புழுங்கினேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் அப்பாவிடம் சொல்லி அழ முடிந்தது.

"கிறுக்கி, கால் இனி வராதுன்னு வைத்தியர் அன்னைக்கே சொல்லியாச்சு. அண்ணனும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு? எனக்காவத்தான், என் மனசு ஆறட்டும்னுதான், மிச்ச நாளும் எண்ணெயில கெடந்தாரு" என்றார் அப்பா.

பாவம் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவர் அந்தப் பலாமரம் வரை போய்ச் சேர்ந்தாரோ, பாதி ஏற்றத்திலேயே நான் உலுக்கித் திருப்பிக் கொண்டுவந்தேனோ! இன்னும் ஒரு அரை மணி விட்டிருக்கலாம்.