தங்கச்சி போட்டு வைத்த ஆப்கள்

எங்கள் லேப்டாப்பில் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிவிட்டது. சுவரில் செருகியிருந்தால்தான் உயிர். அதியமான்கோட்டையில் கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் போதும், அணைந்துவிடும். திரும்பப் போட்டு, அதில் ஓடுகிற லினக்ஸ் எழுந்து வருவதற்குள் அம்மா உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிடுவாள். "புது மாப்பிள்ளையாட்டம் எந்திரிக்குது பாரு உம் பொட்டி" என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

எனக்குச் சிரிப்பு வராது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புகார்களுக்குப் பதில் அடிக்கிற வேலை. எங்கள் வூட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற முதல் வேலையும் இதுதான். பாதியில் காணாமல் போனால் மேனேஜர் அன்றைக்கு எனக்கு லீவு போட்டுவிடுவார்.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் எழும்போது எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டுகிற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். வந்ததில் முக்கால்வாசி தங்கச்சி போட்டு வைத்த ஆப்கள். லேப்டாப் எனக்குப் பள்ளியில் கொடுத்தது. ஆனால் அவள் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்த பிறகு அது அவளுடையதாகிவிட்டது. வரைபடம் போடுகிற ஆப், சமன்பாடு எழுதுகிற ஆப், நட்சத்திரங்களைக் காட்டுகிற ஒன்று. எல்லாம் ஸ்னாப் என்கிற பொட்டலங்களாக வருபவை. அவற்றை யாரும் திறக்காவிட்டாலும், மெஷின் எழும்போதே ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து மாட்டித் தயாராக வைத்துவிடும்.

அவள் ரெண்டாம் வருஷம் முடித்த கையோடு வைகாசியில் கல்யாணமாகிக் கம்பைநல்லூர்ப் பக்கம் போய்விட்டாள். தினமும் காலையில் இது அவளுக்கு எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"மீதிய நாங்க படிக்க வெக்கறோங்க" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னதை நம்பித்தான் அப்பா தலையாட்டினார். காலேஜ் திறந்துவிட்டது. அவள் போகவில்லை. ஆடிக்கு அழைத்து வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அவளுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, உன் ஆப்பெல்லாம் அப்படியே இருக்குது. எடுத்தா மெஷின் வேகமா வரும். உனக்கு எதெது வேணும், சொல்லு."

பின்னால் பாத்திரச் சத்தம். "யாரும்மா, உங்கண்ணனா? சாப்டாங்களான்னு கேளு" என்று அவள் மாமியார் குரல்.

"சாப்டியாண்ணா?"

"சாப்டேன். எது வேணும்?"

"எல்லாத்தயும் எடுத்துரு."

"வரைபடம் ஆப்பு? அதுல உன் ப்ராஜெக்ட் பாதி கெடக்குதே."

"எல்லாத்தயும்னுதானண்ணா சொன்னேன். உனக்கு வேலை முக்கியம்ல" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்கும்போது லினக்ஸ் ஒரு காரியம் செய்யும். அந்த ஆப்பில் இருந்த வேலையை நகலாக்கி ஒரு மாதம் போல வைத்திருக்கும். அதற்குள் கேட்டால் திரும்பத் தரும். கேட்காவிட்டால் தானாகவே அழித்துவிடும். அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்தவும் முடியும். வேண்டுமா வேண்டாமா என்று அவளே வந்து சொல்லட்டும் என்று விட்டேன்.

ஆடி அழைப்புக்கு வந்தாள். வந்த மறுநாள் லேப்டாப்பின் பொத்தானை அமுக்கிவிட்டு, பழைய பழக்கத்தில் தலைவாரிக்கொள்ளப் போனாள். சீப்பை எடுத்துத் திரும்பும்போதே திரை வந்து நின்றிருந்தது.

"அதுக்குள்ளயா!" என்று சிரித்தாள். கிட்டே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஆப்கள் இருந்த இடம் காலி.

"நகல் இருக்குது பாப்பா. ஒரு வார்த்த சொல்லு, திரும்பப் போட்டுர்றேன். அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க வூட்டுல பேசட்டா?"

"நேத்து கூட்டியாந்தப்பவே அப்பா கேட்டுட்டாருண்ணா. அடுத்த வருஷம் பாக்கலாங்கறாங்க."

"அடுத்த வருஷம் காலேஜ்ல உன் பேரு இருக்காது."

"தெரியும்" என்றாள். சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நகலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ரெண்டாம் தடவை கேட்கவில்லை.

ஆடி முடிந்து அவளை அழைத்துப் போனார்கள். அதற்கு முன்பே நகல் போய்விட்டது. ஒருநாள் பார்த்தேன், நகல்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. அப்போது அவள் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் கரண்ட் போய் வந்தது. நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மெஷின் எழுந்துவிட்டது. இப்போது அது யாருக்கும் எதையும் எடுத்து வைப்பதில்லை. அம்மாவும் கிண்டல் செய்வதில்லை. அரைகுறையில் நின்ற புகாருக்குப் பதில் அடிக்கத் தொடங்கினேன்.