முகத்தைப் பார்த்துச் சொன்ன கதை

“...கதையப் பாத்து சொல்லல அண்ணாத்த நீ, என் மூஞ்சியப் பாத்து சொல்லிகினு கீற,” என்றார் தயாரிப்பாளர்.

மகாபலிபுரத்தில் ஒரு கடலோர விடுதியின் புல்தரை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவருடைய மேனேஜர், மூன்றாவதில் நான். எந்தக் கூட்டத்திலும் வாய் ஓயாதவன் என்று பேர் வாங்கியவன் நான். அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் மட்டுமில்லை. இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாத ஒன்றை, பழகி ஒரு வாரம் ஆகாத மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார் என்ற பிரமிப்பு.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவன். திரைக்கதை என்று நான் கற்றதெல்லாம் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் கற்றதுதான். மிச்சம் கடைக்கு வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. யாரும் கேசட்டைச் சும்மா திருப்பித் தரமாட்டார்கள், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் போவார்கள். “நல்லாத்தான் போய்கினு இருந்திச்சி, பாதிக்கு மேல அவங்களுக்கே வூட்டுக்குப் போற அவசரம் வந்துடிச்சி போல” என்று ஒரு பூக்கார அம்மா சொன்னதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கேயும் படித்ததில்லை.

என்னிடமும் ஒரு கதை இருந்தது. புதுப்பட்டினத்துக் கடற்கரையில் கிடைத்தது. மச்சான்கள் இரண்டு பேர். மூத்தவருடைய தங்கையைத்தான் இளையவர் கட்டியிருந்தார். இளையவரின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் கடலிலிருந்து வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று வேறொரு சொந்தக்காரர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். கம்மலை ஈரக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடிவந்தவர், அழுகிற குழந்தையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் படகு ஒன்றுதான். அதில் தினமும் இருவரும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போனார்கள்.

அவர்கள் கரைக்கு வந்து வலை உதறுவதைப் பார்க்க வேண்டும். ஒருவர் குனியும்போது இன்னொருவர் கை தானாக மேலே போகும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்துவார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மூத்தவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, பேசாமல் எப்படித் தொழில் நடக்கிறது என்று கேட்டேன். “பேச இன்னா கீது? அவன் கயித்தத் தொட்டான்னா காத்து திரும்பிச்சின்னு அர்த்தம்” என்றார்.

இதை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். முதன்முதலாக உள்ளே விட்ட கம்பெனியில், “ஒன்லைன் சொல்லுங்க” என்றார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு சந்தோஷம். “பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு மச்சானுங்க ஒரே போட்டுல தொழிலுக்குப் போறாங்க” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். ஒருவர், அப்புறம் என்றார். “அவ்ளோதான் சார், ஒரு லைன் முடிஞ்சிடிச்சே” என்றேன். அறையே சிரித்தது. ஒன்லைன் என்றால் முழுக் கதையையும் காட்சி காட்சியாக வரிசைப்படுத்திச் சொல்வது என்று டீ கொண்டுவந்தவர்தான் வெளியே வந்து சொன்னார்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அடுத்து ஏறிய படிகளிலெல்லாம் எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். எங்கேயும் யாரும் கடைசிவரை கேட்டதில்லை. போன் வரும், விருந்தாளி வருவார், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். படம் ஆகாவிட்டால் போகிறது, ஒரே ஓர் ஆள் முடிவுவரை கேட்டுவிட்டால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விடுதியில் கதை விவாதத்துக்கு வந்து தங்கியிருந்த சினிமாக்காரர்களுக்குப் படம் போட்டுப் பார்க்க வீடியோ டெக் வாடகைக்குத் தேவைப்பட்டது. டெக்கை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனேன். தயாரிப்பாளர் இறால் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர், என்னைவிட இளையவர், இடுப்பில் கைலி. கேசட் மாற்ற நான் போய்வந்துகொண்டிருந்த நாட்களில் நன்றாகப் பழகிவிட்டார். டெக்கைத் திரும்ப எடுக்கப் போன அன்று காலை, “இன்னா அண்ணாத்த, ஒயரு சுத்தறதுக்கு இம்மா நேரமா? உள்ள ஒரு கத வச்சிகினு கீற, அதான?” என்றார். மேனேஜர், சென்னையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய நடிகரைப் பார்க்க வேண்டும் என்று நினைவுபடுத்தினார். அதற்குள் சொல்லட்டும் என்று தயாரிப்பாளர் நாற்காலி போடச் சொன்னார்.

சொன்னேன். மச்சான்கள் வந்தார்கள், காதுகுத்து வந்தது. அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. சோகம் அதிகமாகிவிட்டதோ என்று இரண்டு பேரையும் நாலாவது காட்சியிலேயே ராசியாக்கினேன். அவர் இருமினார். ஒரு வில்லனை இறக்கினேன். மேனேஜரைப் பார்த்து எதற்கோ சிரித்தார். காது குத்திய குழந்தை மளமளவென்று வளர்ந்து, கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு டூயட் பாடியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புயல் அடித்துப் படகை மூழ்கடித்தேன்.

அப்போதுதான் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, நான் ஆரம்பத்தில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு, “நான் இருமனா வில்லன் வரான், சிரிச்சா பாட்டு வருது. அந்த ரெண்டு மச்சானும் எங்க போனாங்க?” என்றார்.

படகோடு அவர்களையும் மூழ்கடித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நெருங்கிப் போய் நின்று பார்த்து, மூச்சு விடாமல் மனதில் வாங்கிவந்த இரண்டு பேர். தலை குனிந்தபடி, மன்னிக்கச் சொல்லிவிட்டு டெக்கை எடுக்க எழுந்தேன். மேனேஜரும் எழுந்து, காரை எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“நடிகரு சாயங்காலம் வரிக்கும் எங்கயும் ஓடிப் பூட மாட்டாரு, போன் போட்டு சொல்லிடு,” என்றார் தயாரிப்பாளர். பிறகு என்னிடம், “குந்து அண்ணாத்த. மொதல்லர்ந்து சொல்லு.”

நான் உட்கார்ந்தேன். அவர் எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, எனக்கு முழு முதுகையும் காட்டியபடி கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.