தாம்பாளத்தில் போன மனு

ஆனையூர்ச் சமுதாயக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில் இட்லிக்கடை நடத்தும் பாண்டிச்செல்விக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவின் வைத்தியம், தம்பியின் படிப்பு, கடையின் அடுப்பு என்று ஏதோ ஒன்று எப்போதும் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. அவளுடைய வருத்தமெல்லாம் ஒரு வீடியோவைப் பற்றித்தான்.

உள்ளாட்சித் தேர்தலன்று, வாக்குச்சாவடியில் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த அலுவலர்களுக்கு அவள் வாழையிலையில் கட்டிய இட்லியும் தூக்குச்சட்டியில் சட்னியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதில்மேலிருந்து யாரோ அதைப் படம் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் படத்தின்மேல் ஒரு குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரலில் வைத்த மையை அழிக்கும் மருந்து அந்தச் சட்னியில் கலந்திருக்கிறதாம். தொட்டுச் சாப்பிட்டவர் கை கழுவினால் விரல் பளிச்சென்று ஆகிவிடுமாம். மறுபடியும் வரிசையில் நின்று இன்னோர் ஓட்டுப் போடலாமாம்.

சட்னியைச் சோதனைக்கு எடுத்துச்சென்ற காவலர்கள், தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு, மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள் பாண்டிச்செல்வி. ஆனால், கடைக்கு வருபவர்தானே கடிதத்தைப் படிப்பார்? வீடியோவோ வீட்டுக்கே போயிற்று. அடுத்த தேர்தலுக்கும் அது தவறாமல் வந்தது. நாளொன்றுக்கு ஆறு ஈடு இட்லி அவித்த கடை ஒன்றரை ஈட்டுக்கு இறங்கியது. இப்போது சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையும் வந்தால் அந்த ஒன்றரை ஈடும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் அவள் வாக்காளர் விழிப்பு மன்றத்தில் சேர்ந்தாள். பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியின் தலைமை எழுத்தரான தனிஸ்லாஸ் அதன் செயலாளர், மனைவியை இழந்தவர், காற்புள்ளி விடுபட்ட கடிதத்தைக் கையால் தொடமாட்டார். மன்றத்தின் கோரிக்கை எளியது. பொய்யென்று உறுதியான பதிவைத் தேர்தல் காலத்தில் சில மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும். அதைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது பொய்யென்று அதே கைப்பேசியில் தெரிவிக்கவேண்டும். முதலாவதைச் செய்யலாம், இரண்டாவது நடக்கிற காரியமா என்றுதான் எல்லா அலுவலகங்களிலும் கேட்டார்கள். கடைசியில் தேர்தல் பிரிவுப் பெண் அலுவலர் ஒருவர் மனமிரங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனையூர்ச் சமுதாயக்கூடத்துக்கு வருவதாகவும், தம் கண்முன்னே நூறு வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பரிந்துரையோடு மேலே அனுப்புவதாகவும், இல்லையேல் அது சிலரது கருத்தாகவே கோப்பில் கிடக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

தனிஸ்லாஸ் அழகான அழைப்பொன்றை எழுதி எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். பதினொரு பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்பது கும்பிடும் கைகள், ஒன்று ரோஜாப்பூ, மற்றொன்று, ஆழ்ந்த இரங்கல். அவர் வாடிய முகத்தோடு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போன்ல கூப்புட்டா எவுக சார் வருவாக?" என்றாள் பாண்டிச்செல்வி. "வாசல்ல போய் நின்னு பாக்கு வச்சாத்தேன் எங்க ஊரு வரும்."

"மனுவுக்குமா பாக்கு வைப்பாங்க?"

"நூறு பேரு வேணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

மூன்று மாலைகள் அவர்கள் வீடுவீடாகப் போனார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் வைத்த தாம்பாளத்தோடு முன்னால் அவள். மனுத்தாள்கள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு ஓரடி பின்னால் அவர். எல்லாரும் வருவதாக வாக்குக் கொடுத்தார்கள். மதினி முறையான அழகம்மாள், வீடியோ வந்த நாளிலிருந்து கடைப்பக்கமே எட்டிப்பார்க்காதவள், அன்றைக்கு வாசலுக்கே ஓடிவந்து தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, பின்னால் நின்றவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம முகூர்த்தமா, செல்வி?"

"அதெல்லாம் பாக்கல மதினி. ஆபீசரம்மா வாராக. அவுக முன்னால கையெழுத்துப் போடணும், அம்புட்டுத்தேன்."

"போட்ருவோம், போட்ருவோம். சாட்சி இல்லாம நடக்குமா?" என்று சிரித்தாள் அழகம்மாள்.

பாண்டிச்செல்வி அங்கும் தேர்தலைப் பற்றியும் பொய் வீடியோவைப் பற்றியும் விளக்கமாகவே சொன்னாள். ஆனால், தாம்பாளத்தோடு வாசலில் நிற்கிறவள் வேறு எதைச் சொன்னாலும் ஆனையூருக்கு அது வெட்கமாகத்தான் தெரியும். அவள் கோயிலுக்குப் போகிறவள், அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அப்படியானால் அலுவலர் முன்னால் பதிவுத் திருமணம்தானே? தெருவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. 'ஆனையூர்ச் சொந்தங்கள்' என்ற வாட்ஸப் குழுவை நடத்தும் ஆட்டோக்கார நல்லகாமன், இருவரும் சேர்ந்து நடந்துவரும் படத்தை எடுத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் வரைந்து, 'மணமக்கள் வாழ்க' என்று அன்றே போட்டுவிட்டான். வீடியோ வந்த அன்றே அந்தக் குழுவிலிருந்து விலகியிருந்த பாண்டிச்செல்விக்கு இது தெரியாது. தனிஸ்லாசுக்கோ அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. வாக்காளர் விழிப்புணர்வு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரும் என்று தனிஸ்லாஸ் எதிர்பார்த்திருக்கவில்லை; நெஞ்சு விம்மத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் குத்துவிளக்கும் ஒருவர் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்திருந்தது மட்டும் அவருக்குச் சற்று மிகையாகப் பட்டது. அலுவலர் வந்து அமர்ந்ததும் அழகம்மாள் எழுந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் எப்போது உட்கார வைப்பீர்கள் என்று கேட்டாள். அதே நேரத்தில் நல்லகாமன் இரண்டு மாலைகளோடு உள்ளே வந்து, ஒன்றைத் தனிஸ்லாசின் கையில் கொடுத்தான்.

அவர் மாலையைப் பார்த்தார், பாண்டிச்செல்வியைப் பார்த்தார், அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

விஷயம் விளங்கியதும் கூடத்தில் முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு முணுமுணுப்பு. கடிகாரக்காரர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் எழுந்தார்கள். நூறு கையெழுத்தும் வாசலைப் பார்த்து நடப்பதைக் கண்ட பாண்டிச்செல்வி, குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"மூணு நாளா ஒங்க வாசல்ல நின்னு என் வாயாலயே சொன்னேன். அத நம்பல. போன்ல வந்த போட்டோவ நம்புனீக. இதாவது பரவால்ல, எனக்கு ஒரு மாப்பிள்ளையக் குடுத்துச்சு. மொத வந்தது என் பொழப்ப எடுத்துக்கிருச்சு."

யாரும் நகரவில்லை. அவள் அலுவலரின் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் பொய்யின்னு இவுக நேர்ல வந்து பாத்துட்டாகம்மா. சட்னி பொய்யின்னு இவுகளுக்கு யாரு சொல்லுவா?"

 அலுவலர் நல்லகாமனை அழைத்து, அந்தப் படத்தை நீக்கிவிட்டு, அது பொய் என்று அதே குழுவில் எழுதச் சொன்னார். வியர்த்துக்கொண்டே அவன் எழுதினான். அடுத்த நொடி, கூடமெங்கும் பட்டுச்சேலை மடிப்புகளுக்குள்ளும் சட்டைப் பைகளுக்குள்ளும் கைப்பேசிகள் ஒன்றாகக் கூவின. அலுவலர் கடிகாரம் கொண்டுவந்தவரிடமே நேரம் கேட்டு, பார்த்தவர்களுக்கு மறுப்பைத் தெரிவிக்க ஒரு சிறு குழுவில் நான்கு நிமிடம் ஆயிற்று என்று கோப்பில் குறித்துக்கொண்டார். அந்த வரியை எட்டிப் படித்த தனிஸ்லாசுக்கு உயிர் திரும்பியது. மாலையைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நூற்று முப்பத்தேழு பேர் கையெழுத்திட்டார்கள். மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தம்மால் சொல்லமுடியாது என்றும், தம் பரிந்துரை நாளையே போய்விடும் என்றும் சொல்லி அலுவலர் விடைபெற்றார்.

ஆனால், கூட்டம் கலையவில்லை. கல்யாணச் சாப்பாட்டை நம்பி யாரும் வீட்டில் உலை வைத்திருக்கவில்லை. தனிஸ்லாஸ் ஏற்பாடு செய்திருந்ததோ தேநீரும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும். பாண்டிச்செல்வி எதிரே தன் கடைக்குப் போய், சாயங்காலத்துக்கும் மறுநாளைக்குமாக ஆட்டி வைத்திருந்த மாவையெல்லாம் எடுத்து அடுப்பைப் பற்றவைத்தாள். இலைகள் விழுந்தன, இட்லிக் கொப்பரை வந்தது, அதன் பின்னால் சட்னி வாளியும் வந்தது. வாளியைக் கண்டதும் பேச்சு அடங்கிற்று. இலைக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை.

முதல் இலையில் போய் உட்கார்ந்தவள் அழகம்மாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அந்த வீடியோவ எனக்குத் தெரிஞ்ச அம்புட்டுப் பேருக்கும் அனுப்புனவ நாந்தேன், செல்வி. இன்னைக்கு அவுகளுக்கெல்லாம் நானே சொல்லிர்றேன். ரெண்டு வையி."

பாண்டிச்செல்வி நான்கு வைத்தாள். சட்னியையும், இலை கொள்ளும் அளவுக்கு, தாராளமாகவே ஊற்றினாள்.