எவ்வளவு ஆழம் என்று கேட்டவர்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் நான் தங்கியிருந்த வீட்டின் கழிப்பறையில், கதவின் உட்புறம் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஆண்டு கிடையாது, கிழமை கிடையாது. மாதமும் தேதியும் மட்டும்தான். சில தேதிகளுக்கு எதிரே பொடி எழுத்தில் ஒவ்வொரு பெயர். முதல் நாள் அதைப் பார்த்து, ஏதோ புனிதர்களின் திருநாட்கள் போலிருக்கிறது, அதைப் போய் இங்கே மாட்டி வைத்திருக்கிறார்களே என்று திகைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை பிறந்தநாட்கள். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் பிறந்தநாளை மறக்காமலிருக்க, தினமும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைப்பது அந்த நாட்டு வழக்கம். யோசித்துப் பார்த்தால் அதைவிட நிச்சயமாகக் கண்ணில் படும் இடம் வீட்டில் வேறு எது?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. கொச்சியில் பொறியியல் முடித்த கையோடு, ஒரு பேராசிரியரின் சிபாரிசில் ஆறு மாதப் பயிற்சிக்காக அந்த நகரத்துக்குப் போனேன். நிலத்தடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகம். பழைய காகித வரைபடங்களைப் பார்த்துக் கணினியில் நீலக் கோடுகள் இழுப்பது என் வேலை. எங்கள் மட்டாஞ்சேரியை விட்டுத் தனியாக நான் அதுவரை போன அதிகபட்ச தூரம், அதே கொச்சிக்குள் இருக்கும் இடப்பள்ளி. அதனால் அந்த ஊரில் எனக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. வீடுகளின் பெரிய ஜன்னல்களில் திரை இல்லை. உள்ளே விளக்கடியில் மனிதர்கள் சாப்பிடுவார்கள், படிப்பார்கள். தெருவில் போகிறவர் பார்க்கக் கூடாது என்பது மரியாதை. நான் பார்த்தேன், ஒரு வீடு விடாமல். சில இடங்களில் கால்வாயின் தண்ணீர் பக்கத்துத் தெருவைவிட உயரத்தில் நின்றது. இது எப்படி ஊருக்குள் வராமலிருக்கிறது என்று பாலத்தில் நின்று யோசித்ததில் இரண்டு முறை வேலைக்குத் தாமதமானேன். எங்கள் மொழியில் பேச ஆளில்லாததால் எனக்கு நானே பேசிக்கொண்டேன். எண்ணுவது மலையாளத்தில், திட்டுவது தமிழில்.

வீட்டுக்காரம்மா என்னைவிட வேடிக்கை பார்ப்பவர். எழுபதை நெருங்கிய விதவை. நெடுநெடுவென்ற உயரம், ஆண்களுக்கு இருப்பதுபோல் அகன்ற கைகள். மாலையில் நான் உள்ளே நுழைந்து கோட்டைக் கழற்றுவதற்குள் முதல் கேள்வி ஆங்கிலத்தில் வந்துவிடும். மிளகு கொடியா, மரமா? மூன்று மாதம் மழை பெய்தால் துணி எப்படிக் காயும்? நான் காட்டிய புகைப்படத்தில் பஜார் ரோட்டின் நடுவே ஆடுகள் நிற்கின்றனவே, அவை யாருடையவை? யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த ஆடுகள். அவற்றுக்கு உரிமையாளர் இருப்பார் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதே இல்லை.

முதல் வாரத்தில் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, அப்பாவுக்கு என்ன வேலை என்பது. “மாநகராட்சியில் அதிகாரி” என்றேன். வாய் தானாகச் சொன்னது. பள்ளியிலிருந்து சொல்லிப் பழகிய பதில். என் அப்பா சாக்கடை சுத்தம் செய்பவர். சாக்கடையை எங்கள் ஊரில் ‘கானை’ என்பார்கள். அந்த வேலைக்கென்றே இரண்டு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் கூட்டி வரப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேலையைச் சொன்னால் கேட்பவருக்குச் சாதியும் சேர்ந்து தெரிந்துவிடும். அப்பாவும் அந்தப் பேச்சை வீட்டுக்குள் வரவிட்டதில்லை. நாங்கள் எழுவதற்கு முன் போய்விடுவார். வேலை முடிந்ததும் பொதுக்குழாயில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வாசலில் கால் வைப்பார். வேலை செய்யும் அப்பாவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலையில் தொலைபேசி அட்டை வாங்கி, வீட்டுக்காரம்மாவின் கூடத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். மட்டாஞ்சேரியில் அப்போது மதியம். பக்கத்து வீட்டுச் சேச்சியின் போனில் அம்மாவும் அப்பாவும் காத்திருப்பார்கள். இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டுக்காரம்மா கையில் பேனாவுடன் வந்து நின்றார். என் அப்பாவின் பிறந்தநாளைக் காலண்டரில் எழுத வேண்டுமாம். குரல் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பொத்தானையும் அவரே அழுத்திவிட்டார்.

“எந்தா மோளே, சாப்டியா? தணுப்பு எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

விஷயத்தைச் சொன்னேன். “பொறந்தநாளா? கர்க்கடக மாசம், நல்ல மழைன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். தேதி யாருக்குத் தெரியும்? சர்வீஸ் புக்குல இருக்கறது கிளார்க் இஷ்டத்துக்குப் போட்டது.”

வீட்டுக்காரம்மாவுக்கு இது பெரிதும் பிடித்துவிட்டது. ஜூலை மாதத்தின் ஓரத்தில் ‘தந்தை, மழை பெய்யும்போது’ என்று எழுதப் போவதாகச் சொன்னார். பிறகு, அவருடைய அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன்.

“மதாம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?” என்றார் அப்பா. வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் ஊரில் மதாம்மா என்பார்கள்.

“ஆபீசர்னு.”

அப்பா வெடித்துச் சிரித்தார். “ஆபீசரா! பியூன்னு சொல்லியிருந்தாக்கூட நான் ஒப்பேத்தியிருப்பேனே!”

சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. அவர் ஏன் சிரிக்கிறார் என்று வீட்டுக்காரம்மா என் முகத்தையே பார்த்தார். இன்னொரு பொய்க்கு எனக்கு நேரம் இருந்தது. ஆனால் என் பொய்யை அப்பா இவ்வளவு லேசாகச் சிரித்துக் கடந்ததும் என்னால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. “அவர் அதிகாரி இல்லை. சாக்கடை சுத்தம் செய்கிறார். உள்ளே இறங்கி” என்றேன்.

வீட்டுக்காரம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. அனுதாபமும் இல்லை, அவசர அவசரமான மரியாதையும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் கேட்டிராத கேள்வி. அப்பா சொன்னார்: “ஆழமா? பஜார் ரோட்டுல இடுப்பளவு. காயல்ல போய்ச் சேர்ற இடத்துல நெஞ்சளவு வரும்.”

“எந்த நேரத்தில் இறங்குவார்?”

“காயல் ஏறி வர்றப்ப எறங்கக் கூடாது. தண்ணி எறங்கிப் போற நேரம் பாத்து எறங்கணும். அது தினந்தினம் மாறும்.”

என் சிறு வயதில் அப்பா ஒருநாள் நாலு மணிக்குக் கிளம்புவார், இன்னொரு நாள் ஆறு மணிக்கு. யாரோ மேலதிகாரி இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் கடலோடு சேர்ந்து காயலில், அதாவது உப்பங்கழியில், தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறார். ஒரு டச்சுக்கார அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்போதுதான் என் வீட்டுக் கடிகாரம் எனக்குப் புரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்காரம்மா கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பாவும் மெல்ல மெல்ல வாய் திறந்தார். மண்வெட்டியில் வருவதைப் பார்த்தே பஜார் ரோட்டில் எந்தச் சரக்குக் கிடங்கின் முன்னால் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவாராம். சுக்குத் தோல், மிளகுத் தூசி, அழுகிய வெங்காயம், சாக்கு நார். கையுறை போட அவருக்குப் பிடிக்காது, “கைக்குக் கண்ணு போயிரும்” என்றார். ஒருமுறை மேல்வரிசைப் பல்செட் ஒன்று அகப்பட்டது. கழுவிச் சாயாக்கடை அலமாரியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா வாயைத் துண்டால் பொத்தியபடி வந்து வாங்கிப் போனார். அன்று தொடங்கி அவர் சாகும்வரை, எங்கே பார்த்தாலும் அப்பாவுக்கு ஒரு சாயா நிச்சயம். வீட்டுக்காரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தக் கதை அம்மாவுக்கே தெரியாது. அவள் பக்கத்திலிருந்து, “இது எப்ப நடந்துது? என்கிட்ட சொல்லவேயில்லையே!” என்று சண்டை பிடித்தது எங்களுக்குக் கேட்டது.

அலுவலகத்தில் என் நீலக் கோடுகளும் மாறிவிட்டன. அவற்றுக்கு ஆழமும் மணமும் வந்துவிட்டன. நான்காம் மாதம், களப்பணிக் குழுவோடு என்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். முழங்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் கொடுத்தார்கள். விஷவாயு இருக்கிறதா என்று கருவி விட்டுப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, பழைய செங்கல் சுரங்கம் ஒன்றில் இறக்கினார்கள். குளிர்ந்த இருட்டு. செங்கற்கள் ஈரத்தில் மினுங்கின. பயமாக இல்லை. ஆர்வம்தான் இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரமும்.

சொன்னேன். அந்த ஞாயிறு அவர் சிரிக்கவில்லை.

“நீ எதுக்கு எறங்கினே?” என்றார். குரல் சின்னதாக இருந்தது. “இதுக்கா படிக்க வச்சேன்? நம்ம வீட்டுல நான்தான் கடைசின்னு நெனச்சேனே.”

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவர் மனசு நொந்தது எனக்குப் புரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை. எதற்காகக் கேட்பது?

வீட்டுக்காரம்மா தன் கேள்வித் தாளை மடித்து வைத்திருந்தார். மூன்றாவது ஞாயிறு, அப்பாவைக் கட்டாயம் கூப்பிடச் சொல், நான் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன் என்றார். அம்மா கெஞ்சி அழைத்து வந்தாள். வீட்டுக்காரம்மா தொலைபேசியின் பக்கம் குனிந்து பேசினார். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

அவர் பக்கத்துத் துறைமுக ஊரில் மீன் பதனிடும் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். மீனின் குடலைக் கத்தியால் எடுத்து எடுத்துத்தான் அந்தக் கைகள் அப்படி அகன்றன. கல்யாணத்தன்று எலுமிச்சம்பழத்தால் தேய்த்தும் மணம் போகவில்லை. அவர் மகள் இப்போது வேறு நகரத்தில் பெரிய வேலையில் இருக்கிறாள். அம்மா என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், உணவு ஏற்றுமதித் துறையில் இருந்தார் என்கிறாள். “பொய் இல்லைதான். ஆனால் நான் எத்தனை மீன் வெட்டினேன், கத்தி எப்படிப் பிடிப்பேன் என்று என் மகள் இதுவரை கேட்டதில்லை. உங்கள் மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது” என்றார்.

இந்தக் கடைசி வரிகளை மொழிபெயர்க்க எனக்கு நேரம் பிடித்தது. சேச்சி வீட்டுக் காக்காய்கள் கத்துவது கேட்டது.

“நம்ம தோப்பும்படி ஹார்பர்ல மீன் வெட்டறவங்க மாதிரியா?” என்றார் அப்பா.

“ஆமா.”

“அப்ப மதாம்மாவுக்கும் மணம் தெரியும்.” பிறகு என்னிடம், “கயறு கெட்டினாங்களா?”

“கட்டினாங்கப்பா.”

“எறங்கறதுக்கு முன்னாடி மூடிய எவ்வளவு நேரம் தொறந்து வச்சாங்க?”

அவரும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். அன்று அட்டையில் காசு தீரும்வரை பேசினோம்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே அப்பாவோடு பஜார் ரோட்டுக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்று இரண்டு தெரு வரை சொல்லிக்கொண்டே வந்தார். கூட வேலை செய்யும் சேட்டன் ஒருவர், யார் இது என்று கேட்டார். “என்டெ மோளு. எஞ்சினீயர்” என்றார் அப்பா மலையாளத்தில். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். இறங்குவதற்கு முன் நிமிர்ந்து, “தள்ளி நில்லு, தெறிக்கும்” என்றார். நான் தள்ளி நிற்கவில்லை.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. நான் கொச்சியிலேயே தேவராவில் குடியிருக்கிறேன். என் வேலை இன்றும் நீலக் கோடுகள்தான். எங்கே வேலையைப் பற்றிப் பேசினாலும் அப்பாவின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர்.

சில வருடங்களுக்கு முன் ராட்டர்டாமிலிருந்து சாம்பல் நிற ஓரமிட்ட ஓர் அட்டை வந்தது. வீட்டுக்காரம்மா இறந்துவிட்டார். அவர் மகள் அனுப்பியிருந்தாள். அந்த ஞாயிறே மட்டாஞ்சேரிக்குப் போய், அங்கே கற்றதில் எனக்கு மிச்சமிருந்த டச்சு மொழியை வைத்து அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள். அதன் கீழே ஒரு வரி: ‘முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில் வேலை செய்தவர்.’

“அந்தப் பொண்ணே எழுதினதா?” என்று கேட்டார் அப்பா.

“அவளேதான்.”

அட்டையை வாங்கி, தனக்குப் புரியாத அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். அந்த வரி எது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு அதை என்னிடமே திருப்பித் தந்து, “அத மட்டும் இன்னொரு தடவ வாசி” என்றார்.