கதிர் மெஷினுக்கு ஒரு டப்பா கிரீஸ்

ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோவார்கள், கஞ்சி கொண்டுபோவார்கள். கிரீஸ் டப்பா கொண்டுபோன ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? போன வாரம் நான் பார்த்தேன். அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் அக்கா புருஷன்... மச்சான்!

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ஜெலாப்பாங்கிலிருந்து வந்து போகிறார்கள். சிகிச்சை பாதி முடிந்திருந்த நேரத்தில் மெஷின் நின்றுவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் அதே பதில்.

மச்சானுக்குப் பொறுக்குமா? தொழிற்சாலை மெஷின்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் வைப்பதற்கு முன்பே கிரீஸ் வைத்துவிடும் ஆசாமி! எந்த மெஷின் நின்றாலும் அவருக்குக் காரணம் ஒன்றுதான்.

"கிரீஸ் ஒழுங்கா வச்சிருக்க மாட்டானுங்க லா. வச்சா எப்படி ரோசாக் ஆகும், எப்படி நிக்கும்?"

அடுத்த நாள் வீட்டிலிருந்த உயர்ந்த ரக கிரீஸில் ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மெஷினைப் பழுதுபார்க்க வந்திருந்த என்ஜினியர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பெயர் நஸ்ரின், பாரிட் புந்தார்க்காரர். அவர் அறையைவிட்டு வெளியே வந்ததுதான் தாமதம், மச்சான் டப்பாவை நீட்டிவிட்டார். நஸ்ரின் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்தே பார்த்தார். எனக்கு அப்போதே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"நல்ல கிரீஸ்தான் அண்ணே. ஆனா இத மெஷின் தலைக்குள்ள வச்சா, கதிர் பட்டுப் பட்டு டோடோல் அல்வா மாதிரி இறுகிரும். இதுக்குன்னே தனி கிரீஸ் இருக்கு."

"கதிரு கிரீஸையே கெடுக்குமா?" மச்சான் வாயைப் பிளந்தார்.

கெடுக்குமாம். அந்த மெஷினின் தலைக்குள் சன்னச் சன்னமாகத் தகடுகள் இருக்கின்றன. ஈயத்தைவிடக் கனமான டங்ஸ்டனால் செய்தவை. ஒவ்வொரு தகட்டையும் தள்ள ஒரு குட்டி மோட்டார். நோய் இருக்கும் இடம் எந்த வடிவமோ அதே வடிவத்தில் தகடுகள் விலகி வழிவிடும், மற்ற இடத்தை மறைத்துக்கொள்ளும். ஆனால் சிதறுகிற கதிர் மெஷினையே பதம் பார்க்கும். வயரின் மேலுறை வெடித்துப்போகும். எலெக்ட்ரானிக் சில்லுகளுக்குப் புத்தி பேதலிக்கும். அதனால் மோட்டாரைக் கதிரின் பாதையிலிருந்து ஒதுக்கி வைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஈயத்திலும் டங்ஸ்டனிலும் தடுப்பு. தள்ளி வைக்க முடிந்த சாமான்களை எல்லாம் தடித்த சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள். உள்ளே இருந்தே தீரவேண்டிய வயர்களைக் கெட்டுப்போகும் முன்பே மாற்றிவிடுவது வழக்கம்.

"இந்தத் தடவ ஒரு வயரு முந்திக்கிச்சு," என்றார் நஸ்ரின்.

நான் அசந்துபோனேன். நெருப்பை உண்டாக்கியதோடு நில்லாமல், அந்த நெருப்பிலிருந்து தீப்பெட்டியையும் காப்பாற்ற வழி கண்டிருக்கிறானே மனிதன்! என்ன மூளை இது என்று அக்காவிடம் சொல்லத் திரும்பினேன்.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"இரும்பும் வயருமே தாங்கலன்னா... நான் மட்டும் இரும்பா? எனக்கு வேணாம். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதியில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவன் நான்... அவள் பையின் வாரைத்தான் பிடித்து இழுத்தேன்.

நஸ்ரின் அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. அவங்ககிட்டயும் கேளுங்க. ஆனா மெஷின பத்தித் தெரியும். அந்த வயரு வெடிச்சா வெடிச்சதுதான், தானா ஒட்டிக்காது. அதுக்குத்தான் இவ்ளோ காவல். உங்க உடம்பு அப்படியா? நல்ல சதையில அடிபட்டா உடம்பே சரிபண்ணிக்கும். மிச்சமிருக்கிற கெட்ட செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி. அதனாலதான் மொத்தமா குடுக்காம தினம் கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறாங்க."

கல்யாணத்துக்கு முன்பு சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் அக்கா.

"பால்மரத்துப் பட்ட மாதிரியா? ஆழமா வெட்டுனா மரத்துக்குக் காயம். மெல்லிசா சீவி, ஓய்வு குடுத்தா பட்ட திரும்ப வளந்துக்கும்."

"அதேதான்கா! எனக்கு இப்படிச் சொல்லத் தெரியல பாருங்க."

டாக்டரும் வந்து அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் விளக்கமாக. தோல் கறுப்பதும் அசதியும் பெரும்பாலும் போகப்போக ஆறிவிடும் என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மெஷின் ஓடியது. அக்காவைப் படுக்க வைத்துவிட்டு ஊழியர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். கனமான கதவு மூடிக்கொண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டாருக்குத் தடுப்பு, வயருக்குத் தடுப்பு, எங்களுக்கு இவ்வளவு பெரிய சுவர். கதிருக்கு நேர் எதிரே ஒரு பருத்தி அங்கியோடு கிடப்பவள் என் அக்கா மட்டும்தான். தன் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று நம்பிக் கிடக்கிறாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. முந்தானையைச் சரிசெய்தபடி வெளியே வந்தவள், "பசிக்குதுலா, எங்கியாச்சும் சாப்பிட்டுப் போலாம்," என்றாள்.

டங்ஸ்டன் அவர்களே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்... எங்கள் அக்கா வருகிறாள்!