தம்பியின் வயிற்றில் என் சிறுநீரகம்

தம்பிக்கு நான் கொடுத்த சிறுநீரகம் சில வருடங்கள் நன்றாகத்தான் வேலை செய்தது. அந்த வருடங்களில் அவன் ஆசை தீரத் தண்ணீர் குடித்தான். பிறகு கால் வீங்கத் தொடங்கியது. தண்ணீரை அளந்து குடிக்கும் கட்டுப்பாடும் திரும்பி வந்தது. உள்ளே இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க ஒரு புது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஓடினால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் டயாலிசிஸ்.

எங்கள் பக்கத்தில் ஸ்கேன் என்றால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பதுதான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் துணையாகப் போய்ப் போய் எனக்கு அது பழகிவிட்டது. அதனால் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஊர் தேற்றாத்தீவில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியதுமே பெரிய போத்தலை அவன் கையில் திணித்தேன்.

"இண்டைக்குக் குடிக்கலாம்டா. ஸ்கேனுக்குத்தானே."

காத்தான்குடி வருமுன்னே போத்தல் காலி. கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ருசி, அக்கா!" என்றான். வெறும் கிணற்றுத் தண்ணீர்.

ஸ்கேன் அறையில் காலிப் போத்தலைப் பார்த்த நர்ஸ் தன் தலையில் கை வைத்தா. "இதுக்கு ஆரம்மா தண்ணி குடிக்கச் சொன்ன? இது இரத்தம் பாக்கிற ஸ்கேன்."

"அதை முன்னமே சொன்னா வாய் நோகுமா?" என்று நானும் விடவில்லை.

"குடிச்சது லாபம்" என்று சிரித்தான் தம்பி.

டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மற்ற ஸ்கேன்களுக்கு ஏற்றும் சாயம் இவனுக்குக் கூடாதாம். இதில் ஊசி வழியாகப் போவது கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழ்கள். இரத்தத்தோடு ஓடி, கடைசியில் மூச்சோடு வெளியே போய்விடும். குமிழ்கள் போகும் இடமெல்லாம் திரையில் வெளிச்சமாகத் தெரியும்.

கொடுத்த பிறகு அன்றுதான் என் சிறுநீரகத்தை முதன்முதலாகத் திரையில் பார்த்தேன். தம்பியின் கையில் ஊசி ஏறியது. திரையில் சிறுநீரகத்தின் அடிப்பக்கம் இலேசாக வெளித்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். வெளிச்சம் ஓரங்களுக்குப் போகவே இல்லை. பக்கத்தில் இரத்த ஓட்டத்தைக் காட்டும், மேலே ஏற வேண்டிய கோடு படுத்தே கிடந்தது. டாக்டர் இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான்.

"இரத்தம் சரியாப் போகேல்ல. மருந்தால இனித் திருப்ப ஏலாதம்மா" என்றார்.

தம்பி தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அக்காட மற்றது நல்லா இரிக்கா டாக்டர்?" என்றான்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நல்லாத்தான் இரிக்கு. அதையும் எடுத்து இவனுக்கு வைங்க" என்று கத்தினேன். ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசாத தம்பி, "வாயை மூடக்கா" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் அழுதான்.

நர்ஸ் அவன் வயிற்றில் ஸ்கேனுக்காகப் பூசியிருந்த பசையைத் துடைக்கக் கடதாசி எடுத்தா. நான் அதை வாங்கிக்கொண்டேன். அடிவயிற்றில், பழைய தையல் தழும்புக்கு மேலே, மெதுவாகத் துடைத்தேன். அந்த இடம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.